மேற்குக் குடா வழியாக

சுண்ட்வோக், 13 ஜனவரி 1974

அன்புள்ள குன்வோர் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் பின்னி அனுப்பிய கையுறையைச் சிக்னே தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்கிறாள். நாலு வயதுக்கு இந்த உயரம் போதுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "குழந்தைக்கு ஒரு குறையும் இல்லம்மா, உங்களுக்குத்தான் தூக்கம் பத்தல" என்றார்.

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னியுங்கள். வலது கையில் இரண்டு விரல்கள் கதவில் நசுங்கிவிட்டன. இடது கையால் எழுதுகிறேன். கரும்பலகையைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். "டீச்சர், உங்க எழுத்தும் எங்க எழுத்து மாதிரியே ஆயிடுச்சு!"

உங்கள் தம்பி நன்றாக இருக்கிறார். கப்பல் பட்டறையில் மேஸ்திரி ஆக்கியிருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர்மேல் உயிர்.

போன ஆகஸ்டில் ஸ்கார்வ் ஏரிக்கு வந்ததையே சிக்னே பேசிக்கொண்டிருக்கிறாள். பனியாற்றின் முனையிலிருந்து வீடளவு துண்டு உடைந்து இடிபோல ஏரியில் விழுந்தபோது நாம் மூவரும் நடுங்கிப்போனோம். அவள் மட்டும் கைதட்டி, "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கத்தினாளே. அதே பிள்ளை இப்போது அலமாரி பட்டென்று மூடினால் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். வளரும்போது பிள்ளைகள் இப்படி மாறுவதுண்டா, அக்கா?

ஈஸ்டருக்கு ஏரிக்கரைக் குடில் திறந்திருக்குமா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
டோர்டிஸ்

*

ஹோவ்டே பண்ணை, 28 ஜனவரி

அன்பு டோர்டிஸ்,

ஆடுகள் நலம். நான் பாதி நலம். முழங்கால் போய்விட்டது; கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் இரண்டு தடவை உட்காருகிறேன்.

கதவு என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டுக் கதவுகளும் பொல்லாதவைதான். எங்கள் அம்மாவை நாலு முறை கதவு நசுக்கியது, இரண்டு முறை மாடிப்படி உருட்டியது, ஒருமுறை பசு உதைத்தது. அந்த வருஷம் எங்களிடம் பசுவே கிடையாது. ஹால்வருக்கு இதெல்லாம் தெரியும். அப்போது என்னோடு மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

எப்போது தொடங்கினான் என்று கேட்கமாட்டேன். சிக்னேயைத் தொட்டானா என்று மட்டும் எழுது.

இந்தத் தாள் முடிந்தது. அடுத்ததில் ஏரிச் செய்தி.

ஈஸ்டருக்குக் குடில் திறந்திருக்கும், நான்தான் பொறுப்பு. ஆனால் ஏரி பழைய ஏரி இல்லை. இலையுதிர் காலத்தில் மின்சாரக்காரர்கள் அடியில் சுரங்கம் திறந்துவிட்டார்கள். மேலே பனி உறைந்தபடி நிற்க, கீழே தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. மேற்குக் குடாவில் பனிக்கு அடியில் ஒன்றுமே இல்லை, சுவர் இல்லாத வீட்டின் கூரைபோலத் தொங்குகிறது. மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. நாங்கள் சிறுவயது முதல் பெர்க் குடிலுக்குப் பனிச்சறுக்கில் போன வழி அது. இந்த வருஷம் பனியில் வழி காட்டும் பாதைக் குச்சிகளைக் கிழக்குக் கரையில் நடச் சொல்லியிருக்கிறேன். முன்பெல்லாம் நானே பிர்ச் மரக் குச்சிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்குக் குடா வரை மூன்று கிலோமீட்டரும் நட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவேன். இனி அது பக்கத்துப் பண்ணை அஸ்லாக்கின் வேலை. அவனுக்கு வாய் நீளம், கால் நல்ல கால்.

வா. அவன் இல்லாமல் வா.

குன்வோர்

*

சுண்ட்வோக் பள்ளி, 10 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். இனிமேல் பள்ளி முகவரிக்கே எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் சாப்பிட்டுவிட்டேன்.

தபால் அவர் கையில் கிடைத்துவிட்டது. மீன் சூப் நடுவில் முதல் தாளைச் சத்தமாகப் படித்தார். பசு வந்த இடத்தில் நிறுத்திச் சிரித்தார். முடித்ததும் இரண்டாம் தாளைப் பிரிக்கக்கூட இல்லை. இரண்டையும் என் தட்டில் வைத்தார்.

"சாப்பிடு."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

"படிச்சவதானே நீ? படிச்சது வயித்துக்குள்ள இறங்கணும், டீச்சரம்மா. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு."

அவர் கை என் பிடரியில் இருந்தது. சிக்னே, "அம்மா காகிதம் திங்கிறா!" என்று சிரித்தாள். அவள் பயந்துவிடக்கூடாதே என்று நானும் சிரித்தேன். கிழித்துக் கிழித்துத்தான் விழுங்க முடிந்தது. அதனால் இரண்டாம் தாளை வரிவரியாகப் படித்துவிட்டேன், அக்கா. அது அவருக்குத் தெரியாது.

தப்பாக நினைக்காதீர்கள். பட்டறையில் வேலை நெருக்கடி. மறுநாள் ரோஜா வாங்கி வந்தார். சிக்னேயை அவர் தொட்டதே இல்லை. அது மட்டும் சத்தியம்.

உங்கள் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

டோர்டிஸ்

*

ஹோவ்டே, 19 பிப்ரவரி

டோர்டிஸ்,

உப்பு ஒத்தடம் கொடுத்தேன். இப்போது உப்புப்போட்ட முழங்கால் வலிக்கிறது.

சத்தியம் செய்யாதே. கேட்டுக்கொள். ஏரியின் கிழக்குக் கரையில் ஏறிக் கணவாயைக் கடந்தால் அடுத்த பள்ளத்தாக்கு. அங்கே போர்கில் இருக்கிறாள். என்னோடு வளர்ந்தவள், கேள்வி கேட்கமாட்டாள். அவள் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது. அங்கிருந்து உன் அம்மா வீட்டுக்கு ரயில். ஈஸ்டருக்கு முந்தைய செவ்வாய் பஸ்ஸில் பண்ணைக்கு வா. உன்னையும் குழந்தையையும் அஸ்லாக் பனி ஸ்கூட்டரில் குடிலுக்கு ஏற்றிவிடுவான். என்னையும்தான், மூட்டைபோல.

கிளம்பும்போது குடில் புத்தகத்தில் எழுத மறக்காதே: பெயர், எங்கிருந்து, எந்த வழியாக, எங்கே. புயலடித்தால் அதைப் பார்த்துத்தான் தேடப் போவோம். "புத்தகத்துல பொய் எழுதுறவன் கொலைகாரன்" என்பார் எங்கள் அப்பா. கை நீட்டாத நாள் அவருக்குக் கிடையாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு பொய் எழுதியதில்லை. இந்த மலையில் யாரும் எழுதியதில்லை.

குன்வோர்

*

சுண்ட்வோக் பள்ளி, 26 மார்ச்

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. இடைவேளையில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சிக்னே பாலைக் கொட்டிவிட்டாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு போய், செருப்பும் காலுறையும் இல்லாமல், வாசல் பனியில் நிறுத்தினான். கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

"நூறு எண்ணு. அப்புறம் தெறக்கிறேன்."

அவளுக்கு இருபது வரைதான் தெரியும். இருபது முடித்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். நான் அவன் கையைக் கடித்தேன். என் தலையைக் கதவிலேயே மோதினான். வெளியே அவள், "அப்பா, இருபது வந்துடுச்சு... அப்பா, மறுபடியும் இருபது வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழவில்லை, அக்கா. தப்பாக எண்ணுகிறோமோ என்றுதான் அவளுக்குக் கவலை.

கால்விரல்கள் தப்பிவிட்டன. மணிக்கொருமுறை விளக்கைப் போட்டு அவற்றின் நிறத்தைப் பார்க்கிறேன்.

ஈஸ்டர் வாரம் புதுக் கப்பலோடு வெள்ளோட்டம் போகிறான். வியாழன் இரவுதான் திரும்புவான். செவ்வாய் வருகிறோம்.

டோ.

*

ஹோவ்டே, 16 ஏப்ரல்
(போர்கில் வீட்டு முகவரிக்கு)

டோர்டிஸ்,

நீயும் சிக்னேயும் கணவாயைக் கடந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று போர்கில் தந்தி அடித்தாள். நிம்மதி. இப்போது உட்கார்ந்துகொள். குழந்தையை வேறு அறைக்கு அனுப்பு.

வியாழன் காலை நீ கிளம்பினாய். அன்று இரவு முழுக்கப் பனி கொட்டி உன் தடத்தை மூடிவிட்டது. வெள்ளி நண்பகல் ஹால்வர் வந்தான். குடிலில் நான் மட்டும்.

"எங்க அவ?"

"வந்தா, போனா. காபி குடிக்கிறியா?"

புறங்கையால் அடித்தான். முன்பல் ஒன்று அடுப்புக்கடியில் ஓடிவிட்டது.

"அப்படியே அப்பா அடி. அவராவது தொப்பியைக் கழற்றிட்டு அடிப்பாரு" என்றேன்.

முடியைப் பிடித்து மேசையில் மோதினான். ஜன்னலோரம் ஆணியில் தொங்கிய புத்தகம் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. கையில் ரத்தம். அதை வாளித் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டான், நம்புகிறாயா? விரல் வைத்துப் படித்தான்.

"'டோர்டிஸ், சிக்னே. மேற்குக் குடா வழியாக, பெர்க் குடிலுக்கு.' பாத்தியாக்கா? ஓடிப்போறவகூட ஒழுங்கா எழுதி வச்சிட்டுல்ல போயிருக்கா! டீச்சரம்மான்னா டீச்சரம்மாதான்."

கீழே தன் பெயரையும் எழுதினான். 'அதே வழி' என்று போட்டான். அவன் கையெழுத்து எப்போதும் அழகு.

ரத்தம் நிற்க நான் வாயில் துணி வைத்திருந்தேன், அதை எடுக்கவில்லை. அவன் போனான்.

மாலையில் ஏரிப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. ஆகஸ்டில் எந்தச் சத்தத்துக்குச் சிக்னே கைதட்டினாளோ, அந்த மாதிரி. சனிக்கிழமை அஸ்லாக் வந்து பார்த்தான். மேற்குக் குடாவில் ஒரு வைக்கோல் களஞ்சியம் அளவுக்குப் பனி உள்ளே விழுந்திருக்கிறது. விளிம்பில் ஒரு பனிச்சறுக்குக் கம்பு நிற்கிறது.

அஸ்லாக் என்னைத் தூக்கித்தான் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கீழே கொண்டுவந்தான்.

குன்வோர்

*

போர்கில் வீடு, 26 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. பல் வைத்தியரிடம் போனீர்களா? கன்னம் வீங்கியிருந்தால் ஐஸ் வையுங்கள்.

சிக்னேக்கு இருமல் குறைந்திருக்கிறது. மூக்குத் தோல் வெயிலில் உரிகிறது. போர்கில் அவளுக்கு முப்பது வரை எண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நேற்று அரைக் கிண்ணம் கஞ்சி, ஒரு ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி இரண்டு துண்டு சாப்பிட்டாள். இங்கே யாரும் கதவை ஓங்கிச் சாத்துவதில்லை.

அவரைப்பற்றி எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை.

குடில் புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது?

டோர்டிஸ்

*

ஹோவ்டே, 29 ஜூன்

அன்பு டோர்டிஸ்,

இரண்டு மாதம் எழுதவில்லை. சொல்ல ஏதாவது வரட்டும் என்று இருந்தேன். வந்துவிட்டது.

இந்த வாரம் ஏரி திறந்தது. பனியாற்றின் வண்டல் கலந்து தண்ணீர் பச்சைப்பால் நிறத்தில் நிற்கிறது. அஸ்லாக் படகில் போனபோது முதலில் ஓர் ஆரஞ்சுப் பழம் மிதந்ததாம். பந்து என்று நினைத்திருக்கிறான். கொஞ்சம் தள்ளி ஹால்வர். முகத்தை நான் பார்த்தேன், நீ பார்க்க வேண்டாம். புதைத்தாயிற்று, அம்மாவுக்குப் பக்கத்தில். அப்பாவுக்குப் பக்கத்திலும் இடம் இருந்தது. கொடுக்கவில்லை.

பையில் இன்னும் இரண்டு ஆரஞ்சுகள் இருந்தன, ஈஸ்டருக்கு எல்லோரும் மலைக்குக் கொண்டுவருவதுபோல. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். உனக்குப் பொய் எழுத எனக்கு இஷ்டமில்லை.

காவல் அதிகாரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பாவம், கடற்கரைப் பொண்ணு. கிழக்கு எது மேற்கு எதுன்னு தெரியாம மாத்தி எழுதிட்டா. அவகிட்ட சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சுபோவா" என்றார். அஸ்லாக்கும் அதையேதான் ஊரெல்லாம் சொல்கிறான். வேண்டுமென்றே ஒருத்தி மாற்றி எழுதுவாள் என்று நினைக்க இந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது.

பல் கட்டிக்கொள்ளவில்லை. விசிலடிக்க வசதியாக இருக்கிறது.

குன்வோர்

*

பெர்கன், அம்மா வீடு, 7 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

சிக்னே நலம். நான் அப்படி இல்லை.

மூன்று ஆரஞ்சுகள். எனக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார். அடித்து இழுத்துப்போக வந்தவரா, ஈஸ்டர் கொண்டாட வந்தவரா? இரண்டும்தான் என்று எனக்குத் தெரியும். முதலில் அடி, அப்புறம் ரோஜா. இந்த முறை ஆரஞ்சு. தெரிந்தும் மூன்றாவது பழத்தை விட்டு நகர முடியவில்லை.

அக்கா, பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள் நான். மூன்றாம் வகுப்புக்குத் திசைகள் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

அவர் படிக்காத தாளில் இருந்தது மேற்குக் குடா. அதை நான் தின்றேன். சுவர் இல்லாத வீட்டின் கூரை என்ற வரி தொண்டையில் சிக்கியது, தண்ணீர் குடித்து இறக்கினேன். அன்றிலிருந்து அது எனக்குள்ளே இருந்தது. வியாழன் காலை நீங்கள் சிக்னேக்குக் குல்லா கட்டிக்கொண்டிருந்தீர்கள். பேனா என் கையில் இருந்தது. ஆரம்பத்தில் 'கி' என்றுதான் எழுத நினைத்தேன். அவள் இருபது எண்ணியது காதில் கேட்டது. 'மே' என்று எழுதினேன். ஐந்து சொற்கள், அழகான எழுத்து.

அவர் கையைக் கழுவிவிட்டுப் படித்தார் என்று எழுதினீர்களே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதிகாரிக்கு எழுதிவிடலாம் என்று தினமும் தாளை எடுக்கிறேன். எழுதினால் என்னைக் கொண்டுபோவார்கள். சிக்னேயை யார் வளர்ப்பார்கள்? எழுதாவிட்டால் எந்தத் தாய் வளர்க்கிறாள்? நீங்கள் அவருடைய அக்கா. நீங்களே சொல்லுங்கள், அதன்படி செய்கிறேன்.

டோர்டிஸ்

*

ஹோவ்டே, 18 ஜூலை

டோர்டிஸ்,

உன் கடிதத்தை நான் சாப்பிட்டுவிட்டேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நீ தின்றாயே, அது எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. மை கசக்கிறது. முன்பல் இல்லாமல் கிழிப்பது கஷ்டம்.

இனி இதைக் கேள். நீ கிளம்பிய பிறகு புத்தகத்தைப் பார்த்தேன். தினமும் பார்ப்பது என் வேலை. புரிந்தது. அடித்துத் திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. வியாழன் மாலை, ஆள் யாரும் இல்லாதபோது, பதினெட்டு பிர்ச் குச்சிகளை எடுத்துக்கொண்டுபோய் மேற்குக் குடா வரை நட்டுவிட்டு வந்தேன். அவன் மலைக்காரன். மலைக்காரன் எழுத்தை நம்பிப் பனியில் கால் வைக்கமாட்டான், குச்சியைப் பார்த்துத்தான் வைப்பான். வெள்ளி மாலை போய் எல்லாவற்றையும் பிடுங்கி வந்து எரித்துவிட்டேன்.

ஆகவே இது உன் கணக்கில் வராது. அதிகாரிக்கு எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் என் பெயரை எழுது. எனக்குப் பிள்ளை இல்லை, ஆடுகளை அஸ்லாக் பார்த்துக்கொள்வான்.

சிக்னே எதுவரை எண்ணுகிறாள்?

குன்வோர்

*

பெர்கன், 4 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

சிக்னே நேற்று நூறு எண்ணிவிட்டாள். முடித்ததும் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். மூடிவிட்டு வந்து விளையாட உட்கார்ந்தாள்.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன். காகிதம் தின்பது நம் இருவரோடு போகட்டும்.

அதிகாரிக்கு எழுதவில்லை. எழுதப்போவதுமில்லை. இவள் பெரியவளாகி என்றாவது கேட்டால், அன்று இவளுக்கு உள்ளபடி சொல்வேன். அதுவரை அந்த ஐந்து சொற்கள் என்னிடமே இருக்கும். உங்களிடம் இருப்பது வாயில் வைத்திருந்த துணி. உங்களுக்கு அதுவே போதும், அக்கா. என்னுடையதையும் சேர்த்துத் தூக்காதீர்கள்.

ஏனென்றால் அந்தப் புதன்கிழமை குடிலில் உங்களைக் கழிப்பறைவரை கைத்தாங்கலாக அழைத்துப் போனது நான். பத்தடி. நடுவில் விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்து, "இருடி, இந்தக் கால் இன்னும் கெளம்பல" என்று சிரித்தீர்கள். ஜனவரியில் கிணற்றடிக்கே இரண்டு தடவை. மேற்குக் குடா மூன்று கிலோமீட்டர். போக, வர, மறுநாள் உடைந்த வாயோடு மறுபடியும் போக, வர.

பதினெட்டு என்று எண்ணிக்கைகூடப் போட்டீர்கள். பொய் எழுதிப் பழக்கமில்லாதவர்கள்தான் அப்படி எழுதுவார்கள்.

பதினேழாம் தேதி நாங்கள் வருகிறோம். பனியாறு உடைந்து விழுவதைப் பார்க்க வேண்டுமாம் இவளுக்கு. சத்தம் கேட்டால் கைதட்டுவாளா, மேசைக்கடியில் போவாளா, எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் வருகிறேன். குடில் புத்தகத்தில் எழுதுவேன்: பெர்கனிலிருந்து, கிழக்குக் கரை வழியாக, குன்வோர் அக்காவிடம்.

முழங்கால் எப்படி இருக்கிறது, அக்கா? இந்த முறை உண்மையை எழுதுங்கள்.

உங்கள்
டோர்டிஸ்